பழைய காருக்கு மினுமினுப்பு: மெட்டாலிக், பேர்ல், ஃபிளேக், கேண்டி – வீட்டில் அடிக்க எது சரி?

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கூரைக்கு மட்டும் ஃபிளேக் அடிக்கலாமா, இல்லை முழு வண்டியையும் பேர்ல் ஆக்கிவிடலாமா?" பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்பவர் அநேகமாகப் பட்டி, டிங்கரிங் எல்லாம் முடித்து, பிரைமர் சாம்பலில் வண்டியைப் போர்டிகோவில் நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பவராக இருப்பார்.

இந்த மினுமினுப்புப் பெயிண்ட் வகைகளைப் பற்றி இவர்கள் பலரின் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. மெட்டாலிக் சுலபம், பேர்ல் நடுத்தரம், ஃபிளேக் கஷ்டம், கேண்டி அதற்கும் மேல். கேண்டியைப் பற்றி அவர்கள் நினைப்பது சரி. மற்ற மூன்றையும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். பளபளப்பு எவ்வளவு என்பதை வைத்துக் கஷ்டத்தை அளக்கிறோம். வீட்டில் அடிப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

கைப்பிசகு தெரியுமா? பட்டறையில் பத்து வருடம் ஸ்பிரே கன் பிடித்தவரின் கை ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் நகரும். நம் கை அப்படி நகராது. எந்த ஃபினிஷ் அதைப் பொறுத்துக்கொள்ளும், எது காட்டிக்கொடுக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

கீறல் விழுந்தால்? பழைய கார் என்றால் துரு திரும்பவும் வரும், கதவு எங்காவது இடிக்கும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, இல்லை ஒரு பக்கம் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டுமா?

கிளியரும் தேய்ப்பும் எவ்வளவு? வண்ணத்தின் விலையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். நிறத்தின் மேலே போகும் நிறமற்ற பூச்சான கிளியர் எத்தனை லிட்டர், வாட்டர் பேப்பர் பிடித்து எத்தனை நாள் தேய்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பணமும் தோள்பட்டையும் போவது அங்கேதான்.

கருவி போதுமா? குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைத் தள்ளும் எச்.வி.எல்.பி. கன் ஒன்றுக்கு நிமிடத்துக்குப் பத்து கன அடிக்கு மேல் காற்று தேவைப்படலாம். பஞ்சர் ஒட்டும் அளவு சின்ன கம்ப்ரஸர் அதில் பாதிகூடத் தராது. பாதி கதவு அடிப்பதற்குள் அழுத்தம் இறங்கி, கன் துப்ப ஆரம்பிக்கும். குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

இந்த நான்கையும் ஒப்பிடுவதற்கு முன், எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது மூச்சு. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. இது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கண்டுவிட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். வாசனை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. துணி மாஸ்க்கும் கைக்குட்டையும் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. கண்ணையும் தோலையும் மூட வேண்டும். இதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் கிளியரை மட்டுமாவது பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். இதில் நான் வாக்குவாதத்துக்கே வருவதில்லை.

இரண்டாவது, அடியில் என்ன இருக்கிறது என்பது. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதன் மேல் நேராக 2கே அடித்தால், தின்னர் உள்ளே இறங்கிக் கீழே இருப்பது சுருண்டு எழும்பும். பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து பஞ்சில் வந்தால் என்.சி.தான். தகரம் தெரியும்வரை எடுத்துவிட்டுத் தொடங்குவதே நிம்மதி.

மூன்றாவது காகிதம். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். நிறம் மாறினால் ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் 'விஏ' எழுத்து கொண்ட விண்டேஜ் பதிவு வந்தது. வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பதிவோ, விண்டேஜ் அணிவகுப்பில் பரிசோ உங்கள் ஆசை என்றால், மினுமினுப்பை மறந்துவிட்டு அந்த ஆண்டின் அசல் நிறத்தைத் தேடுங்கள். மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

## மெட்டாலிக்: சாது மாதிரி இருக்கும்

மெட்டாலிக்கில் இருப்பது மிக நுண்ணிய அலுமினியத் துகள். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது, மொத்தமாகச் சேர்ந்து மின்னும். நிறம் தரும் அடிப்பூச்சான பேஸ் இரண்டு மூன்று கோட்டு, அதன் மேல் கிளியர் இரண்டு கோட்டு. கன்னின் முனைத் துளையான நாசில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் போதும். எல்லாக் கடையிலும் கலக்கித் தருவார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட எளிது எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தத் துகள்கள் படுத்திருக்கும் விதம்தான் நிறம். கொஞ்சம் ஈரமாக விழுந்த இடத்தில் துகள் மூழ்கி, நிறம் கருத்துத் தெரியும். உலர்ந்து விழுந்த இடத்தில் மேலே நின்று வெளுத்துத் தெரியும். கை ஒரு இடத்தில் தயங்கினாலும் போதும், மேகம் மேகமாகத் திட்டு விழும். என் முதல் மெட்டாலிக் பானெட்டை இரவு டியூப் லைட்டில் முடித்துவிட்டு, சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கப் போனேன். காலை வெயிலில் பார்த்தால் ஆடி மாத வானம்.

இதற்கு மருந்து உண்டு. கடைசியாக ஒரு மெல்லிய கோட்டை, கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தூவினாற்போல் அடித்தால் துகள்கள் ஓரளவு ஒழுங்காகப் படியும். கிளியர் போடுவதற்கு முன், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து இதைச் செய்ய வேண்டும். கிளியர் விழுந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு ஒளிந்த செலவு: கழற்றிய கதவைப் படுக்கவைத்தும் உடம்பை நிற்கவைத்தும் அடித்தால், மாட்டிய பிறகு இரண்டும் இரண்டு நிறமாகத் தெரியும். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிறுத்தி அடிக்க வேண்டும். எல்லா டப்பாவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இடது பக்கம் ஒரு டப்பா, வலது பக்கம் ஒரு டப்பா என்று ஆகிவிடும்.

நன்மையும் பெரியதுதான். நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால், பக்கத்துத் தெருப் பெயிண்டரே கலர் பிடித்து, ஓரத்தில் கலந்துவிட்டுப் போய்விடுவார். தினமும் ஓடும் பழைய காருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

## பேர்ல்: பார்க்கும் கோணத்தில் பாதி வேலை

பேர்லில் இருப்பது உலோகம் அல்ல. மைக்கா என்கிற அபிரகத் துகளின் மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசியது. ஒளி அதற்குள் புகுந்து திரும்பும்போது நிறம் பிரிகிறது. அதனால்தான் வளைவில் ஒரு சாயலும் நேரில் வேறு சாயலும் தெரியும். ஹெரால்டு, ஃபியட் மாதிரி விளிம்பும் மடிப்பும் உள்ள உடம்புக்கு இது மிக அழகு.

மூன்று அடுக்கு வேலை. அடியில் திடமான நிறம், நடுவில் பேர்ல் கலந்த மெல்லிய பூச்சு, மேலே கிளியர். நடு அடுக்கில் எத்தனை கோட்டு போடுகிறோமோ அதைப் பொறுத்து நிறம் மாறும். கூரைக்கு மூன்றும் கதவுக்கு நான்கும் அடித்தால் வித்தியாசம் தெரிந்தே தீரும். ஆனால் வெள்ளை மேல் வெள்ளைப் பேர்ல் என்றால் தவறு அவ்வளவாகத் தெரியாது. கறுப்பின் மேல் நீலப் பேர்ல் என்றால் ஒவ்வொரு தவறும் தெரியும். ஆக, பேர்ல் கஷ்டமா என்ற கேள்விக்குப் பதில் அடி நிறத்தில் இருக்கிறது.

ரிப்பேர்தான் இதன் பலவீனம். ஒரு கதவைச் சரிசெய்ய, பக்கத்துப் பேனல்கள் வரை நடு அடுக்கைப் பரப்பிக் கலக்க வேண்டும். முதலில் எத்தனை கோட்டு அடித்தீர்கள், என்ன விகிதத்தில் கலந்தீர்கள் என்பதை அன்றே எழுதிவைத்து, கொஞ்சம் பேர்ல் தூளையும் எடுத்துவையுங்கள். மூன்று வருடம் கழித்து அந்தத் துண்டுச் சீட்டைத் தேடுவீர்கள்.

## மெட்டல் ஃபிளேக்: சத்தம் போடும், ஆனால் மன்னிக்கும்

ஃபிளேக்கின் பூர்வீகம் அமெரிக்கா. லூரெக்ஸ் என்ற ஜரிகை போன்ற நூலைத் தயாரித்த டோபெக்மன் நிறுவனத்தை டௌ கெமிக்கல் 1950களில் வாங்கியது. அந்த ஜரிகைத் தொழில்நுட்பத்தின் தம்பிதான் மெட்டல் ஃபிளேக். 1960களில் கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டுப்புடவைக் கரையையும் அந்தக் கார்களையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். இரண்டிலும் மின்னுவது, மிக மெல்லியதாக்கி வெட்டிய உலோகப் பளபளப்புதான்.

இன்றைய ஃபிளேக் என்பது பாலியெஸ்டர் தாளில் அலுமினியம் படியவைத்து, நிறம் பூசி, குட்டி அறுகோணங்களாக வெட்டியது. 0.1 மில்லிமீட்டர், 0.2, 0.4 என்று அளவுகள் உண்டு. வீட்டு வேலைக்கு 0.2 நல்ல நடுவழி. கைவினைக் கடையில் கிடைக்கும் கிளிட்டரைத் தொடாதீர்கள். அது தின்னர் பட்டால் சாயம் கக்கும் அல்லது சுருளும். வெயிலில் வெளுக்கவும் வெளுக்கும். கரைப்பானைத் தாங்கும் என்று தெளிவாகச் சொல்லி விற்கும் ஃபிளேக்தான் வேண்டும்.

இது மன்னிக்கும் என்று ஏன் சொல்கிறேன்? துகள் பெரிது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடந்து தனித்தனியாக மின்னுவதுதான் அதன் அழகே. மெட்டாலிக்கில் திட்டாகத் தெரியும் அதே கைநடுக்கம் இங்கே அந்த இரைச்சலில் கரைந்துபோகும். ஃபிளேக்கின் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தை அடியில் அடித்துவிட்டால், அதாவது வெள்ளி ஃபிளேக்குக்கு வெள்ளி அடி, தங்கத்துக்குத் தங்க அடி என்று போட்டுவிட்டால், அங்கங்கே இடைவெளி விழுந்தாலும் கண்ணுக்குப் படாது. ஒரே கோட்டில் மூடிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் கூடாது. மெல்லிய கோட்டுகளாக இரண்டு முதல் நான்கு வரை.

கன் வேறு வேண்டும். நாசில் 1.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். 0.4 ஃபிளேக்குக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டும். கப்பில் உள்ள வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். ஃபிளேக் சீக்கிரம் அடியில் தங்கிவிடும் என்பதால், கப்புக்குள் இரண்டு மூன்று இரும்புக் குண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் முன் கன்னை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். மலிவான கன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே நாலு துகள் இருக்கும். அடுத்து அடிக்கும் வெள்ளைக் கதவில்தான் அவை வெளியே வரும்.

இனி இதன் உண்மையான விலை. ஃபிளேக் அடித்து முடித்ததும் பரப்பைத் தொட்டால் உப்புத்தாள் போல் இருக்கும். அதை மூழ்கடிக்க மூன்று நான்கு கோட்டு கிளியர். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பொறுமை. அவசரப்பட்டுக் கனமாகப் போட்டால் உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாக வெடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் கட்டை வைத்து 400, 600 பேப்பரில் சமமாகத் தேய்க்க வேண்டும். இங்கேதான் கத்தி மேல் நடை. கிளியரைத் தாண்டி ஃபிளேக்கின் தலையைத் தேய்த்துவிட்டால் மேலே உள்ள நிறம் போய், வெறும் வெள்ளிப் புள்ளி பல்லிளிக்கும். விளிம்புகளில் கை வைக்கும் முன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தேய்த்து முடித்தால் மறுபடி இரண்டு மூன்று கோட்டு கிளியர், சில வாரம் காயவிடல், அப்புறம் 1500, 2000 பேப்பர், பாலிஷ்.

சாதாரண மெட்டாலிக்குக்கு ஆகும் கிளியரைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு தடித்த பூச்சு கதவு ஓரங்களில் சில்லு சில்லாகப் பெயரவும் செய்யும். கல் தெறிக்கும் முன்பக்கத்தில் முழு ஃபிளேக் அடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

ஆனால் கூரைக்கு? கூரை படுக்கையான இடம், கல் தெறிக்காது, யாரும் இடிப்பதில்லை. சின்னப் பரப்பு என்பதால் கிளியரும் தேய்ப்பும் கைக்கடக்கம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இன்னொரு வசதியும் உண்டு. அது சேஸிஸ் தனி, பேனல்கள் போல்ட்டில் மாட்டியது என்ற அமைப்பு. இரண்டு கதவு ஹெரால்டின் கூரையையே போல்ட் கழற்றி இறக்கிவிடலாம். இடுப்பு உயரத்தில் ஸ்டாண்ட் மேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து அடிக்கலாம். அம்பாசடரில் இந்தப் பாக்கியம் கிடையாது. ஏணி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

## கேண்டி: கண்ணாடி மேல் சாயம்

வெள்ளி அல்லது தங்க மெட்டாலிக்கின் மேல் ஒளி ஊடுருவும் சாயப் பூச்சு. ஆழமான சிவப்புச் சர்க்கரைப் பாகு போலத் தெரியும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் லோரைடர் (தரையோடு தாழ்த்திய அலங்காரக் கார்) உலகில் பிறந்த 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964 ஷெவர்லே இம்பாலா காரின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். எனக்கும் இருக்கிறது.

வீட்டில் வேண்டாம். ஒவ்வொரு கோட்டும் நிறத்தை இன்னும் கருப்பாக்கும் என்பதால், இழுப்புக்கு இழுப்பு மேற்படியும் அளவு கொஞ்சம் மாறினாலும் புலி வரி விழும். விளிம்புகள் கருத்துப்போகும். அடியில் உள்ள மெட்டாலிக்கின் தவறும் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரியும். சாய வகைக் கேண்டி வெயிலில் வெளுக்கும். நம் ஊர் வெயில் தெரிந்ததுதானே. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட வழியே இல்லை, அந்தப் பக்கம் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும்.

ஆசை விடவில்லை என்றால் ஏர் கிளீனர் மூடி, வீல் கப், ஹெல்மெட் என்று சின்னப் பொருளில் அடித்துப் பாருங்கள். அதில் ஒரு முழு நாள் போவதைப் பார்த்ததும் கார் ஆசை தானாகத் தணியும். தணியாதவர் கேண்டியிலேயே அனுபவமுள்ள பெயிண்டரைத் தேடிப் போவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | மெட்டாலிக் | பேர்ல் | ஃபிளேக் | கேண்டி |
|---|---|---|---|---|
| கைப்பிசகு | காட்டிக்கொடுக்கும் | அடி நிறத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் மறைக்கும் | பூதாகரமாகக் காட்டும் |
| நாசில் (மி.மீ.) | 1.3–1.4 | 1.3–1.4 | 1.8-க்கு மேல் | 1.3–1.4 |
| கிளியரும் தேய்ப்பும் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரத்துக்கு மேல் |
| கீறல் விழுந்தால் | ஓரத்தில் கலக்கலாம் | பக்கத்துப் பேனலும் சேரும் | முடியும், கிளியர் வேலை பெரிது | பக்கம் முழுக்க |
| மறந்துபோகும் செலவு | சோதனைத் தகடு, ஒரே கலவை | எடுத்துவைக்கும் தூள் | தனிக் கன், கூடுதல் கிளியர் | திரும்ப அடிக்கும் நாள் |

இந்த வரிசையில் சேராத ஐந்தாவது வழி ஒன்று உண்டு. கிளிட்டர் வினைல் ஒட்டுவதும், உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சில் மினுமினுப்புத் தூள் கலந்து அடிப்பதும். அடியில் நல்ல பெயிண்ட் இருந்து, இரண்டு வருடம் வேறு முகம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. துரு உள்ள பழைய தகரத்தின் மேல் ஒட்டினால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. அதனால் ஹெரால்டு, ஃபியட் வயது வண்டிகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

## அப்படியானால் யாருக்கு எது?

வாரம் நாலு நாள் வண்டி ஓட்டுபவர், எப்போது வேண்டுமானாலும் இடிபடும் என்று தெரிந்தவர், மெட்டாலிக்குக்குப் போகலாம். முதலில் பழைய பானெட் ஒன்றை வாங்கி அதில் இரண்டு முறை அடித்துப் பழகிவிட்டு. வெளிர் நிறங்களில் திட்டு நன்றாகவே தெரியும், வெள்ளியில் அதிகமாகவே தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டி, மூடிய ஷெட், வெள்ளையோ கிரீமோ பிடிக்கும் என்றால் வெள்ளைப் பேர்ல். தூரத்தில் அசல் நிறம் போலவே அடக்கமாக இருக்கும், பக்கத்தில் வந்து பார்ப்பவர்தான் ஒரு நிமிடம் நிற்பார்.

தேய்ப்பதில் அலுப்பில்லாதவர், உடம்புக்குத் திடமான ஒரே நிறம் அடித்துவிட்டுக் கூரையை மட்டும் தனியாக்க விரும்புபவர், ஃபிளேக் எடுத்துக்கொள்ளலாம். கன் பிடிப்பதில் புதியவர் என்றாலும் பரவாயில்லை. பொறுமையில் புதியவர் என்றால்தான் சிக்கல்.

எதுவானாலும் முடிவெடுக்கும் முன், தேர்ந்தெடுத்த ஃபினிஷை ஒரு தகட்டில் கிளியர் வரை முழுசாக அடித்து, காலை வெயில், நிழல், டியூப் லைட் மூன்றிலும் பாருங்கள். கடையில் காட்டும் விரல் நீளத் துண்டு ஒரு முழுக் கதவாக விரியும்போது வேறு ஆளாகிவிடும்.

ஹெரால்டுக்காரருக்கு நான் சொன்ன பதில் இது: உடம்புக்குத் திடமான கிரீம், கூரைக்கு 0.2 தங்க ஃபிளேக். கூரையைக் கழற்றும்போது அடி விளிம்புகளில் துரு பார்த்து, வெல்டிங் எல்லாம் முடித்துவிட வேண்டும். அடித்த பிறகு வெல்டு வைத்தால் மொத்தமும் வீண். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கும்போது கம்ப்ரஸர் தண்ணீரைத் துப்பும். சித்திரை வெயிலிலும் வேண்டாம், பெயிண்ட் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து தூளாக விழும். பொங்கல் கழித்து, பனி விலகிய முற்பகலில் தொடங்கி, பூச்சிகள் விளக்கைத் தேடி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் ஷீட்டில் கூடாரம் கட்டி, அப்புறம் பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கன்னை எடுக்க வேண்டும்.

அவர் கூரையை இறக்கிவிட்டார். ஸ்டாண்டுக்கு நாலு பழைய டிரம் தேடிக்கொண்டிருக்கிறார்.